சீமைக்கிடா சிலுப்பவில்லை

காத்திவாக்கத்து உப்புக்காற்றில் கம்பளி விளையும் என்று எந்தப் புண்ணியவான் அந்தத் துரைக்குச் சொன்னானோ! கழிமுகத்தை ஒட்டி நிலத்தை வளைத்துப் போட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் ஆடுகளைக் கொண்டுவந்து இறக்கினார். சித்திரையில் நாமே சட்டையைக் கழற்றி எறிகிற ஊர் இது. பாவம், அந்த ஆடுகள் ஆளுக்கொரு மெத்தையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கின. மழைக்காலத்தில் குளம்பு அழுகிச் செத்தன. அப்படியும் துரை பதினைந்து வருஷம் விடவில்லை.

பண்ணையில் கம்பளி கத்தரிக்கிறவன் கோதண்டம். 1924இல் அவனுடைய ஒரே மகள் அம்முவுக்கு அம்மை கண்டது. கண்ணுக்குள்ளேயும் முத்து. அவன் மனைவி பூவம்மா எல்லையம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். அம்மை இறங்கிய பிறகுதான் வெட்டு. அதற்கு முன்பு கிடாவின் மேல் மஞ்சள்நீர் ஊற்றி அம்மனின் சம்மதம் கேட்க வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். நாட்டுக்கிடாவே போதும். கோதண்டத்துக்குப் போதவில்லை. பெற்ற மகளாயிற்றே! துரையிடம் கெஞ்சி ஒரு சீமைக்கிடாவை ஓட்டிவந்தான்.

பூசாரி பரசுராமன் ஒரு குடம் ஊற்றினார். அப்புறம் இன்னொன்று. கிடா வேப்பிலையை மென்றுகொண்டு சும்மா நின்றது.

"ஆத்தா வாணாங்கிறாப்பா" என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பூவம்மா மணலில் விழுந்து அழுதாள். கோதண்டம் பட்டிக்கு ஓடிக் கத்தரியோடு திரும்பினான்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லல! தண்ணி தோல்லயே படல, அது இன்னாத்த சிலுப்பும்?" என்று கத்திக்கொண்டே கிடாவின் முதுகில் நீளமாகக் கம்பளியை வழித்தான். "இப்ப ஊத்துங்க!"

கிடா சிலுப்பிய சிலுப்பில் எல்லோரும் நனைந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள், பூவம்மாவைத் தவிர.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கேட்டாள்: "வழிச்சிட்டு ஊத்துனா எந்த ஆடுதான் சிலுப்பாது? நீ ஆத்தாவ கேட்டியா, ஆட்ட கேட்டியா?"

அம்மு பிழைத்தாள். இடது கண் போய்விட்டது.

"பாதி சம்மதந்தான வாங்கின, பாதி பார்வதான் குடுத்தா" என்றாள் பூவம்மா. ஒரே ஒரு முறைதான் சொன்னாள். தண்ணீர் தோலில் படவில்லை என்பதில் கோதண்டத்துக்குக் கடைசிவரை சந்தேகமில்லை. ஆனாலும் அவள் சொன்னது அவனை விட்டுப் போகவில்லை.

இரண்டு வருஷத்தில் துரை மிச்ச ஆடுகளைக் கசாப்புக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். கோதண்டம் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான்.

அம்முவோடு கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவன் அவளுக்கு இடப்பக்கமாகவே நடப்பான். வண்டி வந்தால் அவளுக்குத் தெரியாதே, அதற்காகத்தான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் நடந்தால் அவன் முகம் அவளுக்குத் தெரியாது.