மூன்றாவது எச்சரிக்கை

தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எங்கள் வீட்டில் என் மனைவியின் குரல் கேட்கும். அவள் இறந்து ஏழு மாதமாகிறது.

மாடித் தொட்டியில் அவள் ஒரு கருவி பொருத்தியிருந்தாள். தண்ணீர் ஏறியதும் அது அவளுடைய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குத் தகவல் அனுப்பும். அந்த மெய்நிகர் கணினி, அவள் பதிவு செய்த மூன்று எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக ஒலிக்கும். மூன்றாவதை நான் கேட்டதில்லை. இரண்டாவதிலேயே எழுந்து மோட்டரை நிறுத்திவிடுவேன்.

போன வாரம் அவளுடைய கணினி படுத்துவிட்டது. அதன் ஹார்டு டிஸ்க்கிலிருந்து, உள்ளே இருந்த கணினியை மட்டும் என்னுடையதற்கு மாற்றினேன். ஓடியது. கடவுச்சொல் தெரியாததால் அதற்குள் போக முடியவில்லை. குரலும் வரவில்லை.

இரண்டு முறை தொட்டி வழிந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் ஈரக் கோட்டோடு மேலே வந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போகணும் தம்பி. நீச்சல் வேலைக்கு இல்ல."

வீட்டுக்காரரிடம் பேசிவிட்டாராம். சனிக்கிழமை குழாய்க்காரர் வந்து, தானாக நிற்கும் சுவிட்ச் பொருத்துவார். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மச்சினன் வந்தான். கூரியர் வண்டி ஓட்டுகிறான். குரல் ஏன் வரவில்லை என்று அதுவரை தேடிப் படித்ததை அவனிடம் சொன்னேன். என் கணினியில் நெட்வொர்க் 'நாட்' என்ற அமைப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பது என் கணினியின் முகவரியில் வெளியே போகலாம். கேட்டதற்குப் பதிலும் வரும். ஆனால் தொட்டி தானாக அதைத் தேடி வந்தால் வழி கிடையாது.

அவன் முறுக்கேறிய ஹெட்போன் ஒயரைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"அதாவது, அக்காவுக்கு பார்சல் வருது. வாசல்ல நீங்க நிக்கிறீங்க. அப்படி இங்க யாரும் இல்லன்னு திருப்பி அனுப்பிடுறீங்க. சரியா மாமா?"

சரிதான் என்றேன். சிறிது நேரம் இருவரும் ஒயரைப் பிரித்தோம்.

"அக்காவுக்குத் தனி அட்ரஸ் குடுங்க."

அமைப்பில் அதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். அதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் கணினியும் வீட்டில் தனி ஆளாகிவிடும். பழைய முகவரியிலேயே அதைக் கூப்பிடலாம். மாற்றினேன். மோட்டரைப் போட்டோம். கொடியில் இருந்த துணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரர் எங்கள் வாசலில் காவல் நின்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஸ்பீக்கர் கரகரத்தது.

"தொட்டி நிறையுது. மோட்டரை நிறுத்துங்க."

சுவிட்சுக்குப் போன என் கையை மச்சினன் பிடித்துக்கொண்டான்.

"உங்களைத்தான். காதுல பஞ்சா வச்சிருக்கீங்க?"

மாடியில் தண்ணீர் வழியத் தொடங்கியது. தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"கீழ்வீட்டு அண்ணே, இவரு எந்திரிக்க மாட்டாரு. துணியை எடுத்துடுங்க. மன்னிச்சுக்குங்க."

தையல்காரர் துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்பீக்கரிடம் சொன்னார்:

"எடுத்துட்டேம்மா."

அதன் பிறகுதான் மோட்டரை நிறுத்தினோம். சனிக்கிழமை குழாய்க்காரர் வரவில்லை. வேண்டாமென்று தையல்காரரே சொல்லிவிட்டாராம்.