விபத்துப் பதிவேடு

மணவாளன் எழுந்து உட்கார்ந்து சிரித்ததுதான் சுமலதாவைப் பயமுறுத்தியது.

சற்று முன்புதான் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு ஆடி வந்து அவர் தலையில் இடித்தது. ஹெல்மெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இரண்டு நிமிஷம் நினைவே இல்லை என்றார்கள், தூக்கி வந்தவர்கள். இப்போதோ முதலுதவி அறைக் கட்டிலில் உட்கார்ந்து வம்பளக்கிறார்.

"இன்னா டைம் ஆபீஸ் அம்மா, அட்டெண்டென்ஸ் எடுக்கிறியா? உள்ளேன் ஐயா!"

அந்தப் பேரை இன்னும் யாரும் விடவில்லை, பாருங்கள். பி.காம். முடித்து ஆறு வருஷம் இதே ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தவள். யாருக்கு அடிபட்டாலும் விபத்துப் பதிவேட்டில் 'சிறு காயம்' என்று எழுதச் சொல்வார்கள், எழுதுவாள். அப்படி எழுதப்பட்ட ஒரு பொதட்டூர்பேட்டைக்காரருக்கு ஒரே வாரத்தில் கண் போனது. அந்தக் காயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் எழுதினோமே என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டாள். ஆந்திரப் பக்கம், பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரையும் சேர்க்கும் நர்சிங் பள்ளி ஒன்றில், தன்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்களோடு உட்கார்ந்து எலும்பின் பேர்களை உருப்போட்டாள். லேசுப்பட்ட காரியமா அது?

நான்கு மாதமாக இங்கேயே நர்ஸ். டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும். இன்று திங்கள்.

செல்போன் விளக்கைக் கண்களில் அடித்தாள். இரண்டு கண்பாவையும் ஒன்றுபோலச் சுருங்கின. அதற்குள் மேலாளர் பூவராகவன் வந்துவிட்டார்.

"மாத்திரை குடுத்துப் படுக்க வை. ரெண்டு மணிக்கு ஆலையப் பாக்க பாரின் பார்ட்டி வராங்க. கேட்டாண்ட ஆம்புலன்ஸ் நிக்கக் கூடாது."

"நெனவு தப்பியிருக்கு சார். உள்ள ரத்தம் கசிஞ்சாலும் மொதல்ல இப்படி நல்லாத்தான் பேசுவாங்க. ஸ்கேன் எடுக்கணும்."

"பி.காம். படிச்ச உனக்கு மண்டைக்குள்ள இருக்கிறது தெரியுதா? ஆளு ஜோரா பேசிக்கினு கீறான். மணவாளா, ஆஸ்பத்திரிக்குப் போறியா?"

"ஐயோ, வேணாம் சார். ஊசின்னாலே எனக்கு பேஜாரு."

சுமலதா மணவாளனின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டால்? ஆலை முழுக்கச் சிரிக்கும். இந்த வேலையும் போகும்.

கொஞ்ச நேரத்தில் மணவாளன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அந்த லைட்ட நிறுத்தும்மா" என்றவர், சொல்லி முடிக்குமுன் வாந்தி எடுத்தார்.

"வெயிலு" என்றார் பூவராகவன். குரலில் பழைய உறுதி இல்லை.

அவள் மறுபடி விளக்கை அடித்தாள். இடது கண்பாவை சுருங்கியது. வலது, அகல விரிந்து அப்படியே நின்றது. மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது என்று அர்த்தம். 108-க்கு அழைத்தாள்.

"கேட் தொறக்காது" என்றார் அவர். "நான் சொல்லாம எந்த வண்டியும் உள்ள வராது."

அவள் விபத்துப் பதிவேட்டை எடுத்தாள். அந்தப் பச்சை அட்டை நோட்டு அவளுக்குப் புதிதா என்ன? நின்றபடியே எழுதினாள்: 'காலை 11.40, தலையில் அடி. இரண்டு நிமிடம் நினைவிழப்பு. 12.25, வாந்தி. வலது கண்பாவை விரிந்துள்ளது. 12.27, மருத்துவமனைக்கு அனுப்ப மேலாளரிடம் கேட்கப்பட்டது.' கீழே முழுப் பெயரையும் போட்டு, நோட்டை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை மேலே வைத்தாள்.

"அனுப்பினீங்களா இல்லையான்னு இதுக்குக் கீழ நீங்களே எழுதிடுங்க சார்."

பூவராகவன் அந்தப் பேனாவையே பார்த்தார். மணவாளனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூப்பிட்டால் 'ம்' என்றார், அவ்வளவுதான். பேனாவைத் தொடாமல் பூவராகவன் போனை எடுத்தார்.

"கேட் செக்யூரிட்டியா? ஆம்புலன்ஸ் வரும். தொறந்து வை."

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை ஆம்புலன்சில் அவள் மணவாளனின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செங்குன்றம் நெரிசலில் அந்த 'ம்'மும் நின்றது. அங்கே ஸ்கேனைப் பார்த்த டாக்டர், எப்போது அடிபட்டது, எப்போது வாந்தி என்று நேரங்களை மட்டும் கேட்டார். அவள் சொல்லச் சொல்லவே ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் அறைக்குள் ஓடியது.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"இன்னா, ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?" பூவராகவன்.

"ஆபரேஷன் நடக்குது சார். பொழைப்பாரான்னு இன்னும் சொல்லல. அவங்க ஊட்டுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

எதிர்முனையில் யாரோ இங்கிலீஷில் பேசிச் சிரிப்பது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். சிரிப்புச் சத்தம் நின்றது.

"அவங்க ஊட்டு நம்பர் குடு. நானே சொல்றேன்" என்றார் அவர்.