ஆறாம் மாடிக் காற்று

கட்டில் ஓரத்தில் நாகேஸ்வரி. மேசையடியில் அவள் தம்பி பாலச்சந்திரன், கையில் மரண அறிவித்தலுக்கான தாளோடு. அடுப்படி வாசலில், மடக்குக் கதிரையில் மகள் சிவாஜினி. ஜன்னலோரக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை, அது குடும்ப நண்பர் சுப்ராயனுடையது. லிப்ட் இல்லாத அந்த ஆறாம் மாடியிலிருந்து நாகேஸ்வரியின் கணவர் மகாலிங்கத்தின் உடலை விடியவே இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"தகனத்துக்கு அடுத்த வியாழன்தான் நாள் குறிச்சு ரொந்தேவு தந்தவை" என்றார் பாலச்சந்திரன்.

"சுப்ராயன் அண்ணைக்கும் சொல்லோணும்."

"விசரே அக்கா? அத்தான் கலைச்சுவிட்ட ஆள்!"

"கலைச்சது அவர். நானில்லை."

மகாலிங்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர். சுப்ராயன் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசின் பென்சனில் இருப்பவர். ஞாயிறு தோறும் இருவரும் உலகப்போர்க் காலத்துப் போர் விமானங்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி, விளக்கடியில் தொங்கவிட்டு, அவற்றின் எஞ்சினை வைத்துச் சண்டை பிடிப்பார்கள். மேலே போகப் போகக் காற்று மெலியும். பெற்றோல் நிறைய இருந்தாலும் எரிக்கக் காற்றுப் போதாமல் எஞ்சின் சோர்ந்துவிடும். இதுவரை இருவருக்கும் ஒரே கட்சி. மெலிந்த காற்றை அமுக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜரில்தான் பிரிவார்கள். மகாலிங்கத்துக்கு அது வரப்பிரசாதம். "சும்மாவா சுத்துது?" என்பார் சுப்ராயன். "அதைச் சுத்துற பவரையும் எஞ்சின்தானே குடுக்கணும்!"

சுவாசப்பை பழுதாகி, ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்தபோது மகாலிங்கம் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு சிரித்தார். "ஐசே, எனக்கும் சூப்பர்சார்ஜர் வந்திட்டுது!"

சுப்ராயன் சிரிக்கவில்லை. இரண்டு கையிலும் சாமான் பைகளோடு ஆறு மாடி ஏறி வந்து, கதவு நிலையைப் பிடித்து இளைத்துக்கொண்டு நின்ற நாகேஸ்வரியைக் காட்டினார். "அதைச் சுத்துற எஞ்சின் அதோ நிக்குது. உதவிக்கு ஒரு ஆளு கேளு மகாலிங்கம். நகராட்சி மெரில எழுதிக் குடுத்தா வீட்டுக்கே அனுப்புறான்."

"என்ரை வீட்டுக்கதை உனக்கென்னத்துக்கு? வெளியிலை போ!"

போனவர் பிறகு வரவேயில்லை.

"மூண்டுதரம் போன் அடிச்சனான். எங்கடை நம்பரை எடுக்கிறாரில்லை" என்றாள் சிவாஜினி.

"அப்ப கடிதம் போடு. அவர் இருக்கிறது பக்கத்து ஊர் ஸ்தேன்தானே, வியாழனுக்கு முன்னம் போயிடும்" என்றாள் நாகேஸ்வரி.

சிவாஜினி ஒரு வெறுந்தாளை எடுத்தாள். "அப்பா கடைசியிலை உங்களைக் கேட்டவர் எண்டு எழுதட்டே அம்மா?"

"பொய் எழுதாதை. அவர் கேக்கேல்லை." நாகேஸ்வரி இரண்டு கைகளாலும் முழங்கால்களைத் தடவிக்கொண்டாள். மெஷின் இல்லாத வீடு மிக அமைதியாக இருந்தது. "சுப்ராயன் அண்ணை சொன்னது சரி எண்டு எழுது. நான் சொன்னதெண்டு எழுது."

பாலச்சந்திரன் பேனையை மூடினார். தமக்கையைப் பார்க்கவில்லை. "எத்தினை மணிக்கெண்டும் எழுதிவிடு, பிள்ளை" என்றார்.

உறையை ஒட்டிக்கொண்டு சிவாஜினி படியிறங்கினாள். நாலாம் மாடித் திருப்பத்தில், ஓர் ஆள் கை ஊன்றி நிற்கும் உயரத்தில், சுவர் கறுத்து மினுங்கியது. அவள் கல்யாணமாகிக் கூசேன்வில் ஊருக்குப் போகும்போது அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தது.

தெருவில் தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் இரைந்து போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவள் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். கடிதம் உள்ளே போய்விட்டிருந்தது.