பழையது மேலே

அலமாரியில் ஒரு போத்தல்தான் இருந்தது.

நீக்கிலாஸ் மறுபடியும் பார்த்தான். படுக்கையறை மூலையில் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி. கீழ்த்தட்டில் வீட்டிலேயே தோட்டா நிரப்புவதற்கான வெற்று ரவைக்கோதுகள், சன்னங்கள், தராசு. மேல்தட்டில் வெடிமருந்து. அங்கே இரண்டு போத்தல்கள் இருக்க வேண்டும். நீல மூடி போட்டது மெதுவாக எரியும் மருந்து, ரைஃபிளுக்கு. சிவப்பு மூடி போட்டது வேகமாக எரியும், பிஸ்டலுக்கு. நீல மூடி மட்டும் இருந்தது.

சனிக்கிழமை. காலை ஒன்பது பத்து.

"மலர், இதிலை இருந்த சிவப்பு மூடிப் போத்தல் எங்கை?"

மரியமலர் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பலசரக்குக் கடையில் வேலை. தலையை வாரியபடி வாசலில் வந்து நின்றாள்.

"மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வந்தவங்கள் எல்லே. எல்லா அலுமாரியும் காலியாக்கச் சொல்லிக் கீழை நோட்டீஸ் ஒட்டினவங்கள். நீங்கள் வேலையிலை. நான்தான் திறந்து எடுத்தனான்."

"போத்தல்?"

"ரெண்டும் அரைவாசிதான் கிடந்தது. ஒண்டாக்கிப் போட்டன். மற்றதைக் கழுவி எறிஞ்சாச்சு."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஏன்? ரெண்டும் ஒரே கறுப்புக் குறுணிதானே," என்றாள். "நான் கண்டபடி கலக்கேல்லை. கடையிலை கடுகு கொட்டுற மாதிரித்தான். திகதி பாத்தனான். நீலம் பழசு. அதை ஒரு பிளாஸ்டிக் பேசினிலை எடுத்து வைச்சிட்டு, புதுசை அடியிலை கொட்டிப்போட்டு, பழசை மேலை விட்டனான். பழசு முதல் முடியட்டும் எண்டு."

"எண்டைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

வியாழக்கிழமை அவன் ஐம்பது ரவைகள் நிரப்பியிருந்தான்.

கண்ணாடி வில்லைகள் தீட்டும் பட்டறையில் வேலை செய்பவன். நுணுக்கமான கை என்று முதலாளி சொல்வார். ரவை நிரப்பத் தொடங்குவதற்கு முன் ஒரு வருடம் அட்டவணைகளை மட்டும் படித்தான். எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து, எந்தச் சன்னத்துக்கு எவ்வளவு. மருந்தின் பெயர் தெரியாமல் எடை தெரிந்து பயனில்லை என்று விற்றவன் முதல் நாளே சொன்னான். மெது மருந்து சன்னத்தைத் தள்ளும். வேக மருந்து அடிக்கும். ரைஃபிளின் அளவுக்கு வேக மருந்தை நிரப்பினால் சன்னம் நகருமுன் எல்லாம் எரிந்துவிடும். அப்போது துப்பாக்கியின் இரும்பு பிளக்கும். அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும்.

வியாழக்கிழமை போத்தல் கனமாக இருந்தது. ரொறன்ரோவிலிருந்து அக்கா பேசிக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் மற்றப் போத்தல் இல்லாததைக்கூடக் கவனிக்காமல், கைப்பேசியைத் தோளில் இடுக்கியபடி ஊற்றினான். கனம் கைக்குத் தெரிந்தது. அவன் நிறுத்தவில்லை.

"என்ன நடக்கும்?" மரியமலரின் குரல் மாறியிருந்தது.

"வெடிக்கும்."

"துவக்கு வெடிக்கத்தானே வேணும்?"

"துவக்கே வெடிக்கும்."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அப்ப எடுத்து எறியுங்கோ. எல்லாத்தையும் இப்பவே எறியுங்கோ."

"முப்பதுதான் இஞ்சை இருக்கு. இருபது அலெக்சிஸிட்டை."

நேற்று மாலை மரியமலரின் கடை வாசலில் வைத்துக் கொடுத்தான். அலெக்சிஸ் பேருந்து ஓட்டுகிறவன், மன்னார்க்காரன், துப்பாக்கி சுடும் கிளப்பில் இருக்கும் மற்ற ஒரே தமிழன். அதே அளவு ரைஃபிள் வைத்திருக்கிறான். நிரப்ப நேரமில்லை என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சுடக்கூடாது என்பது கிளப்பின் விதி. மீறினால் லிசென்ஸ் போகும். நீக்கிலாஸின் குடியுரிமை விண்ணப்பம் பிரெஃபெக்சர் அலுவலகத்தில் கிடக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் கொடுத்தான். சனிக்கிழமை பத்து மணிக்குச் சுடும் களம் திறக்கும். அலெக்சிஸ் எப்போதும் முதல் ஆள்.

அழைத்தான். கைப்பேசி அணைந்திருந்தது. கிளப்புக்கு அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

படிகளில் இறங்கி ஓடினான். லா சப்பல் தெருவில் யோகநாதன் கடைக் கதவை உயர்த்திக்கொண்டிருந்தார். மரியமலரின் முதலாளி.

"என்ன கொமாண்டர், ஆமி வருதோ?"

பக்கத்தில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு அந்தப் பெயர். மற்ற நாட்களில் ஏதாவது திருப்பிச் சொல்வான். இன்று நிற்கவில்லை.

கார் து நோர் நிலையம். ஒன்பது முப்பத்தேழு வண்டியில் ஏறினான். செந்தெனிக்கு முன்னால் வண்டி நின்றது. யாரோ விட்டுப்போன பை, அடுத்த நிலையத்தில் சோதிக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது.

நின்ற வண்டியில்தான் யோசிக்க முடிந்தது. யோசித்திருக்கக் கூடாது.

மருந்தை அளந்து விடும் கருவியில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. ஒரு தடவை நிரப்பினால் முப்பது ரவைக்கு வரும். போத்தலின் மேல்பகுதி முதல் குழாய்க்குப் போயிருக்கும். பழையது. நீலம். அந்த முப்பதையும் தன் பெட்டியில் அடுக்கினான். பிறகு குழாயை மறுபடி நிரப்பினான். போத்தலின் நடுப்பகுதி. அங்கிருந்து கீழே போகப் போகச் சிவப்பு. அந்த இருபதைத் தனிப் பெட்டியில் அடுக்கி அலெக்சிஸிடம் கொடுத்தான்.

ஐந்துக்கு ஒன்று நிறுத்துப் பார்த்திருந்தான். எடை சரி. தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும்.

பெட்டியில் முதல் ரவை கொஞ்சம் கலந்திருக்கும். இரண்டாவது இன்னும் கொஞ்சம். இருபதாவது முழுச் சிவப்பு. அலெக்சிஸ் வரிசையாகத்தான் எடுப்பான். எல்லோரும் அப்படித்தான்.

"அண்ணை, சுகமில்லையோ?" எதிரே இருந்த தமிழ்ப் பெண் கேட்டாள். "முகம் வெளிறிக் கிடக்கு. தண்ணி குடியுங்கோ."

அவள் நீட்டிய போத்தலை வாங்கினான். தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"ஆஸ்பத்திரிக்கோ போறியள்?"

"இன்னும் இல்லை," என்றான்.

வண்டி நகர்ந்தபோது பத்து இரண்டு. கார்ஜில் இறங்கியபோது பத்து பதினொன்று. கிளப் விளையாட்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. பாதி தூரம் ஓடியபோது முதல் வெடி கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. சாதாரண ஒலிகள். அடுத்து ஒன்று வந்தது. அது வேறாக இருந்தது. கூர்மையாக, குட்டையாக.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரியும்போது கதவைத் திறக்கக்கூடாது. திறந்தான்.

"சுடுவதை நிறுத்துங்கள்!" என்று பிரெஞ்சில் கத்தினான். அதைக் கத்தும் உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. மூன்று வருடத்தில் அவன் அங்கே குரல் உயர்த்தியது இல்லை. ஐந்து தலைகள் திரும்பின. ஐவரும் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். நாலாவது இடத்தில் இருந்தவன் மட்டும் திரும்பாமல் குனிந்து, ரைஃபிளின் பின்பக்கத்துப் போல்ட் கைப்பிடியை உள்ளங்கையால் மேலே குத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் அடுத்த ரவை தயாராக நின்றது.

"அலெக்சிஸ், கையை எடு."

அவன் காதுக்கவசத்தைக் கழற்றினான். இரண்டு கண்களும் இருந்தன. நீக்கிலாஸ் அவற்றையே பார்த்தான்.

"நீயோ? ஏன்டா மச்சான் மாடு மாதிரிக் கத்துறாய்?" என்றான் அலெக்சிஸ். "மூண்டும் நல்லாப் போச்சுது. நாலாவது தோளைக் கழட்டிப்போட்டுது. இப்ப போல்ட் வருதில்லை. என்னத்தைப் போட்டனி, மிளகாய்த்தூளோ?"

"மருந்து கலந்து போச்சு. ரெண்டும். அடுத்ததைத் தொடாதை."

அலெக்சிஸ் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான்.

களப் பொறுப்பாளர் மோனிக் வந்தாள். அறுபது வயது, உயரமானவள், அதிகம் பேசாதவள். ரப்பர் சுத்தியலால் போல்ட்டை நாலு தடவை தட்டினாள். ஐந்தாவதில் திறந்தது. கோது வெளியே விழுந்தது. அதன் அடி தட்டையாகி, ஓரத்தில் உலோகம் வழிந்திருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பெட்டியில் மிச்சமிருந்தவற்றையும் பார்த்தாள்.

"இவை யாருடையவை?"

"வாயைத் திறவாதை," என்றான் அலெக்சிஸ் தமிழில், அவளைப் பார்த்தபடியே. "என்ரை எண்டு சொல்லுறன். நானே பிழையா நிரப்பினன் எண்டா ஏச்சோடை போகும். நீ தந்தனி எண்டா ரெண்டு பேருக்கும் லிசென்ஸ் போகும். உன்ரை பேப்பரை யோசி."

பிறகு பிரெஞ்சில், "என்னுடையவை, மேடம்."

"என்ன மருந்து?"

அலெக்சிஸ் பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு எப்படித் தெரியும்?

"இதே தடவையில் நிரப்பியது இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றான் அலெக்சிஸ்.

நீக்கிலாஸின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மரியமலராக இருக்கும். அது நின்று, மறுபடி அதிர்ந்தது. எல்லோரும் மோனிக்கின் கையில் இருந்த கோதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இருக்கிறது," என்றான் நீக்கிலாஸ். "என் வீட்டில் முப்பது. இவற்றையும் நான்தான் நிரப்பினேன். நான்தான் கொடுத்தேன்."

"விசரன்," என்றான் அலெக்சிஸ் மெதுவாக.

மோனிக் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பெட்டியை மூடித் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அறைக்குள் அழைத்துப் போய் ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். பெயர், லிசென்ஸ் இலக்கம், நிரப்பிய நாள், மருந்தின் பெயர். மருந்தின் பெயர் என்ற இடத்தில் ஒரு வரிதான் விட்டிருந்தது.

அந்த ஒரு வரியில் இரண்டு மருந்துகளின் பெயரையும் நெருக்கி எழுதினான்.

அலெக்சிஸ் சுவர் ஓரத்து நாற்காலியில் இருந்தான். ரைஃபிள் பதிந்திருந்த கன்னத்தை விரலால் தொட்டான். பிறகு மூக்கை. பிறகு கண்ணிமையை, ஒன்று, மற்றது.