பேர் வைக்காத பித்தளை

ராயபுரம் மஜீது மாஸ்டரின் பேண்டு செட்டில் எந்த வாத்தியத்தையும் அதன் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. வயிற்றில் கட்டிச் சுமக்கிற பெரிய டிரம்முக்கு ‘பத்து மாசம்’. கிளாரினெட்டுக்கு ‘அழுமூஞ்சி’. நீட்டி இழுக்கும்போது முன்னால் போகிறவன் பிடரியில் இடிக்கிற டிராம்போன் ‘வழிவுடு’. பார்த்த இடத்தில் முட்டிக்கொள்கிற ஜால்ரா இரண்டும் ‘மாமியா மருமவ’. விளையாட்டாக வைத்த பெயர்கள்தான். ஆனால் ஊர்வலத்தில் வேட்டுச் சத்தத்துக்கு நடுவே மாஸ்டர் அவற்றைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “அழுமூஞ்சி, எடு” என்றால் மற்றதெல்லாம் அடங்கிவிடும், கிளாரினெட் தனியாகப் பாடும். பெயர் இல்லாத வாத்தியம் எல்லோரோடும் சேர்ந்து ஊதிவிட்டு வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

வரதனின் யூபோனியத்துக்குப் பெயர் இல்லை. அகன்ற வாய் வானத்தைப் பார்த்திருக்கிற பெரிய பித்தளைக் குழல் அது. வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று ஊரைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தான். பகலில் துறைமுகத்தில் கிழிந்த மூட்டை தைப்பான், ஊர்வலம் இருந்தால் ஊதப் போவான். தன் வாத்தியத்துக்குத் தானே பெயர் வைக்கக் கூடாது என்பது செட்டின் சட்டம். அடுத்தவர் வாயிலிருந்து வர வேண்டும், கேட்டு எல்லோரும் சிரிக்க வேண்டும். “பட்டத்து யானை மாதிரி கீது இல்ல?” என்று ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தான் வரதன். வடை வாங்கிக் கொடுத்தும் பார்த்தான். வடையைத் தின்றார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் அதற்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. வேலை விட்டு வந்ததும் சம்சாரம் மங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், குழம்புக்கு வைத்த புளியை எடுத்துப்போய் அந்தப் பித்தளையைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவான். தேய்த்து, துடைத்து, துணி போர்த்தி, தன் பாய்க்குப் பக்கத்தில் படுக்க வைப்பான். “இன்னா, சக்களத்திய குளிப்பாட்டி ஆச்சா? அப்ப துன்ன வா” என்பாள் மங்கை. அது கேலி இல்லை, எரிச்சல். இந்தப் பெயர் செட்டின் காதில் விழுந்தால் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளும் என்று வரதனுக்குத் தெரியும். பெண்டாட்டியின் வயிற்றெரிச்சலை ஊர் சிரிக்க வைப்பதா என்று வாயைக் கட்டிக்கொண்டான். அந்த மட்டும் அவன் யோக்கியன்.

அப்போதுதான் திருவொற்றியூரில் மங்கையின் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. ஊர்வலத்துக்கு மஜீது செட்டைத்தான் பேசியிருந்தார்கள். மங்கையின் அண்ணன் எத்திராஜுக்கு நரம்பில்லாத நாக்கு. “எங்க மாப்ள கும்பலோட கோயிந்தா போட்ற ஆளு. தனியா ஊதச் சொன்னா காத்துதான் வரும்” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அது வரதனின் காதுக்கும் வந்தது. மாமனார் வீட்டு வாசலில் ஒரே ஒரு தடவை தனியாக ஊதிவிட வேண்டும், அப்புறம் செத்தாலும் சரி என்று தோன்றியது. மாஸ்டரிடம் கேட்டான்.

“பேரே இல்லாதத எப்டி நைனா கூப்புடுவேன்?” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை, பிடிவாதக்காரர்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊர்வலம் தேரடி திரும்பி மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒவ்வொரு வாத்தியமாகத் தனியே வாசித்துக் காட்டுகிற இடம் அது. அழுமூஞ்சி அழுது தீர்த்தது. வழிவுடு நாலு பேரைத் தள்ளிக்கொண்டு ஊதியது. மாமியா மருமவகூட ஒரு சண்டை போட்டு ஓய்ந்தார்கள்.

“மாப்ள, அத கீழ வெய்யுங்க. தண்ணி புடிக்கவாச்சும் ஒதவும்” என்றான் எத்திராஜ். கும்பல் சிரித்தது. வரதன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மங்கை, தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள்.

“மாஸ்டரே, எல்லாத்தையும் கூப்ட்டீங்க. என் சக்களத்திய மட்டும் இன்னாத்துக்கு வுட்டீங்க?”

யாருக்கும் விளங்கவில்லை. அவள் யூபோனியத்தைக் கையால் காட்டினாள். “அதோ கீறா பாருங்க. தெனிக்கும் என் வூட்டுப் புளியில குளிச்சிட்டு என் புருசன் பக்கத்துல படுத்துகினு கீறா. அவ ஊமச்சின்னா, நான் இத்தினி நாளு பொறுத்துகினது இன்னாத்துக்கு?”

பத்து மாசத்தைச் சுமந்தவன் சிரித்த சிரிப்பில் டிரம்மே குலுங்கியது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கையைத் தூக்கினார்.

“சக்களத்தி, எடு.”

வரதன் எடுத்தான். வருஷக்கணக்காக வீட்டுச் சுவருக்கு ஊதிக் காட்டியதையெல்லாம் அந்தத் தெருவுக்கு ஊதினான். ஊதி முடித்து வரதன் தேடியபோது மங்கை மறுபடி தட்டை வாங்கிக்கொண்டு, குனிந்து கற்பூரத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி நின்ற பெண்கள் இன்னும் அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் வரதன் பித்தளையை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மங்கை தானே புளி உருண்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வசவு வரும் என்று அவன் காத்திருந்தான்.

“அந்த வாத்தியத்த தொடச்சதும் சொல்லு, சோறு போட்றேன்” என்றாள்.

பெயரை அவள் சொல்லவில்லை. அதை அவனுக்குக் கொடுத்துவிட்டாள், இனி அது அவளுடையது இல்லை. வரதன் பித்தளையை மூலையில் சாய்த்துவிட்டுப் புளியோடு எழுந்தான்.

“கொழம்பு வெய்யி” என்று அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.