இரண்டாவது தண்ணீர்

இறந்துபோன ஒவிதியோவின் ஒன்பதாம் நாள் செபத்துக்கு அர்ரகாச்சே பொரியல் செய்வதென்று முடிவானதும், செனெய்தாவைக் கூப்பிடச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னார்கள். கர்த்தாகோவுக்கு மேலே, இராசு மலைச் சரிவில் இருக்கிற எங்கள் ஊரில் சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் அந்தக் கிழங்கை அவள்தான் சமைப்பாள். பொடியாக நறுக்கி, வேகவைத்து, வெங்காயமும் குடமிளகாயும் மாட்டுக்கொத்துக்கறியும் சேர்த்து வதக்கி, சோள ரொட்டியில் வைத்துக் கொடுத்தால் செபத்துக்கு வராதவன்கூடச் சாப்பிட வந்துவிடுவான்.

செனெய்தாவைக் கூட்டிவந்த வண்டிச் சத்தம் வாசலில் கேட்டபோது கிரெத்தெல் முற்றத்தில் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஒவிதியோவின் மருமகள். மகன் ஒல்மானைக் கட்டிக்கொண்டு தலைநகர் சான் ஹொசேயிலிருந்து வந்தவள். வந்த புதிதில் சோறு வடித்தால் குழைந்துவிடும், பீன்ஸ் வைத்தால் அடி பிடிக்கும். மாமியார் தெயானிரா கெட்டவள் இல்லை. ஆனால் வாயைக் கட்ட அவளுக்குத் தெரியாது. "எங்க வீட்டுக்கு வந்தது நகரத்துப் பொண்ணு, வெந்நீர் நல்லா வைப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஒவிதியோ மட்டும் குழைந்த சோற்றைத் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, "பல்லுக்கு வேலை வைக்காத சோறுதான் எனக்குப் பிடிக்கும்" என்பார்.

அன்று காலையிலிருந்து செனெய்தாவும் கிரெத்தெலும் எதிரெதிரே உட்கார்ந்து நறுக்கினார்கள். அர்ரகாச்சே பார்க்கச் சாதுவான கிழங்குதான். தோல் சீவினால் பால் வடிந்து விரலெல்லாம் கறுத்துப்போகும். நகத்திடுக்கில் ஏறிய கறை சோப்புக்கும் போகாது. கிரெத்தெல் தன் கையை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையையே பாத்துட்டு இருந்தா கிழங்கு தானா நறுக்கிக்காது, பொண்ணு" என்றாள் செனெய்தா. கோபமாக இல்லை. அவள் கத்தி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அரிக்குது, தோன்யா." மூத்த பெண்களை எங்கள் ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அரிக்கத்தான் செய்யும். இதுக்கே அரிக்குதுன்னா வேகவைக்காமத் தின்னா தொண்டை என்ன ஆகும்னு நெனச்சுக்கோ."

பெரிய பானையில் கிழங்கு கொதித்து, முதல் தண்ணீர் பழுப்பாக இறங்கியது. அதை இருவருமாகப் பிடித்து வடித்தார்கள். அந்த நேரத்தில் முன்னறையில் தெயானிரா அழுது தரையில் சரிந்துவிட்டாள் என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். செனெய்தா கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"புதுத் தண்ணி ஊத்தி இன்னொரு கொதி விடு. அப்புறம் வடிச்சுத் துணியில போட்டு நல்லாப் பிழிஞ்சுடு. அதுல கசப்பு போனாத்தான் போச்சு. புரியுதா?"

"புரியுது."

கிரெத்தெல் குழாயடிக்குப் பானையைத் தூக்கிப்போகப் பார்த்தாள். கனத்தது. கிழங்கைக் கிள்ளிப் பார்த்தாள். வெந்துதான் இருந்தது. இன்னொரு கொதி விட்டால் கூழாகிவிடும், அதுவும் குழைந்தது என்று பேர் தனக்குத்தான் வரும் என்று தோன்றியது. விறகு வேறு ஈரமாகப் புகைந்தது. முன்னறையில் எல்லோரும் தெயானிராவைச் சுற்றி நிற்க, மருமகள் மட்டும் அங்கே இல்லையே என்று யாராவது சொல்வார்களோ என்றும் இருந்தது. கிழங்கை அப்படியே அகலப் பாத்திரத்தில் கொட்டி மூடிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

செனெய்தா திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தண்ணி மாத்தினியா?"

"மாத்திட்டேன்."

"பிழிஞ்சியா?"

"பிழிஞ்சுட்டேன்."

செனெய்தா தலையாட்டினாள். எண்ணெயில் நிறத்துக்கு அச்சியோத்தே கரைத்து, வெங்காயத்தைப் போட்டாள். இறந்தவருக்கான செபம் முடியும்வரை அவள் வாயில் ஒரு பருக்கையும் படாது. அவள் அம்மா காலத்து வழக்கம். அதனால் உப்பைக்கூடக் கண்ணாலும் மூக்காலும்தான் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அது அவளை ஏமாற்றியதில்லை.

செபமாலை முடிந்தது. பெண்கள் தட்டுகளைச் சுற்றிக் கொடுத்தார்கள். மென்றுகொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. காபிக் கோப்பையை எல்லோரும் ஒரே சமயத்தில் தேடினார்கள். ஒவிதியோவின் தம்பி ரொட்டியை மெதுவாக மடித்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, "எங்க அண்ணன் கசப்போடதான் போனாரு போலிருக்கு" என்றார். மூலையில் ஒருவர் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

செனெய்தா சமையலறையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். கிரெத்தெல் பார்த்துக்கொண்டே நின்றாள். செனெய்தா முகம் சுளிக்கவில்லை. மெதுவாக விழுங்கினாள். பிறகு அவள் பக்கம் திரும்பினாள். பின்னால் தெயானிராவும் இன்னும் சில பெண்களும் வாசலை அடைத்து நின்றார்கள்.

"தண்ணி மாத்தச் சொன்னேன்ல? திரும்பி வந்து உன்னைக் கேட்டேன்ல?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். ஆனால் வாசலில் மாமியார். அவள் வாய் எப்போது திறக்கும் என்று கிரெத்தெலுக்குத் தெரியும். இனி வெந்நீர்க் கதைக்குப் பதிலாக இந்தக் கதை, சாகும்வரை.

"இல்லையே, தோன்யா. நீங்க எதுவும் கேக்கலையே" என்றாள். "நீங்களே மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

செனெய்தா அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று கிரெத்தெல் நினைத்தாள். வரவில்லை. அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து கீழே இறங்கியது. இருட்டில் படி இருக்கும் என்று கால் வைத்து, இல்லாமல் போனவளைப் போல இருந்தாள்.

"கேக்கலையா?" என்றாள் மெல்ல. "சரி. அப்ப நான்தான்."

தெயானிரா முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்தாள். "விடுங்க, தோன்யா. எல்லாருக்கும் வர்றதுதானே." அந்த "வர்றது" என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். செனெய்தாவின் அக்கா இப்படித்தான் முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு வீட்டுக்கு வழி மறந்தாள், கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டாள். கிரெத்தெலுக்கு மட்டும் அந்தக் கதை தெரியாது. அன்று இரவு பாத்திரம் துலக்கும்போது மாமியார் சொல்லித்தான் தெரிந்தது.

"பாவம். அக்காவுக்கும் இதே வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றாள் தெயானிரா. பிறகு, "நீ அவளைக் குத்தம் சொல்லாம விட்டியே, அது நல்ல குணம்" என்றும் சொன்னாள். அந்த வீட்டில் கிரெத்தெலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவள் கையிலிருந்த தட்டைத் துலக்கியதையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சேதி ஒவ்வொன்றாக வந்தது. செனெய்தாவின் மகள் சீனியா கோயிலுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு வந்து கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவைக் காட்ட மருத்துவமனையில் நாள் வாங்கிவிட்டாள். கோயில் திருநாளுக்குச் சமைக்கிற பெண்கள் இந்த வருஷம் செனெய்தாவை உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்வதென்று பேசி வைத்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். அதுதான் கிரெத்தெலைக் கொன்றது. யாராவது திட்டியிருந்தால் செனெய்தா திருப்பித் திட்டியிருப்பாள்.

கிரெத்தெல் சமையலில் கவனமானாள். சௌசௌவைச் சோளமணியோடு சேர்த்துப் பொடியாக வதக்கினாள், பீன்ஸை முதல் நாளே ஊறவைத்தாள், சோறு இப்போது உதிரியாக வந்தது. ஒல்மான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, "எங்க அம்மா கைப்பக்குவத்துக்கே வந்துட்டே" என்றான். அவள் தன் தட்டில் இருந்ததைக் கோழிக்குப் போட்டாள். ஒரு தடவை அவனிடம் சொல்லிவிடலாம் என்று, "அன்னிக்குப் பொரியல்..." என்று ஆரம்பித்தாள். "அதையே நெனச்சுட்டு இருக்கியா? நீ என்ன பண்ணுவே" என்றான் அவன். அவளும் நிறுத்திக்கொண்டாள். நிறுத்திக்கொள்ள வழி கிடைத்ததில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்துத்தான் பிறகு அதிகம் கூசினாள்.

ஒரு மதியம் தெயானிரா மாட்டெலும்பும் சௌசௌவும் மரவள்ளியும் பச்சை வாழைக்காயும் போட்டுச் சூப் வைத்தாள். ஒரு தூக்கில் ஊற்றி, "செனெய்தாவுக்குக் கொண்டுபோய்க் குடு. பாவம், அடுப்பில்லாம ரொட்டியத் தின்னுட்டு இருக்கா" என்றாள்.

செனெய்தா சமையலறையில்தான் இருந்தாள். மேசையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் நறுக்கிக் குவிந்திருந்தன. சின்னச் சின்னச் சதுரம், எல்லாம் ஒரே அளவு. சமைக்க அடுப்பில்லை. நறுக்கியதை மாலையில் மகளுக்குக் கொடுத்தனுப்புவாளாம்.

"உக்காரு. நல்ல நேரத்துக்கு வந்தே" என்றாள். "எனக்கு ஒரு உதவி வேணும். நான் சொல்லச் சொல்லக் கேட்டுட்டே இரு. எங்கயாவது விட்டேன்னா நிறுத்து."

கிரெத்தெல் தூக்கைக் கீழே வைத்தாள்.

"தோலைச் சீவணும். சீவினதும் தண்ணியில போடணும், இல்லேன்னா கறுத்துடும். பொடியா நறுக்கணும். முதல் தண்ணியில கொதிக்க விட்டு வடிக்கணும். புதுத் தண்ணி ஊத்தி இன்னொரு கொதி. வடிச்சுத் துணியில பிழியணும். அப்புறம் எண்ணெய்." நிறுத்தினாள். "எதையாவது விட்டேனா?"

"இல்லை."

"தெனமும் சொல்லிப் பாக்குறேன். தெனமும் சரியாத்தான் வருது. அப்ப அன்னிக்கு மட்டும் எங்க போச்சு?" அவள் கத்தியை மேசையில் வைத்தாள். "நான் உன்னைக் கேட்டது என் காதுல இருக்கு. நீ மாத்திட்டேன்னு சொன்னதும் இருக்கு. உன் குரல்லயே இருக்கு. நடக்காதது எப்படி இவ்வளவு தெளிவா இருக்கும்? எங்க அக்காவும் இப்படித்தான் நடக்காததையெல்லாம் சத்தியம் பண்ணிச் சொல்வா. படுத்தா இதுதான் ஓடுது."

கிரெத்தெல் எழுந்துவிட்டாள். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

"நடந்துச்சு, தோன்யா. நீங்க கேட்டீங்க. நான் மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். மாத்தவும் இல்ல, பிழியவும் இல்ல. அப்புறம் எல்லாரும் பாக்குறாங்களேன்னு நீங்க கேக்கவே இல்லேன்னும் சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் செனெய்தா.

கிரெத்தெல் சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் கேவலமாகக் கேட்டது.

செனெய்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிரெத்தெல் பக்கத்தில் போனாள். கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"என்னைத் தொடாதே" என்றாள். "கெழங்கு கசந்தா கசந்துட்டுப் போகுது. அதைக் குழியில கொட்டி மூடிடலாம். நான் எனக்கே பைத்தியம்னு சொல்லிட்டுக் கெடந்தேன். என் மகள் முகத்தைப் பாத்து, இவளையும் ஒருநாள் யாருன்னு கேப்பேனோன்னு..." முடிக்கவில்லை. கதவில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து மாட்டினாள். "வா. எங்கிட்ட மட்டும் சொன்னா ஆகாது."

கடையில் ஆள் இருந்தது. ரொட்டி வாங்க வந்த இரண்டு பெண்கள், வாசல் பெஞ்சில் ஒவிதியோவின் தம்பி. கிரெத்தெல் வெளியே தயங்கினாள். செனெய்தா தயங்கவில்லை. "சீனியா, இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள். குரலை ஏற்றவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள்.

கிரெத்தெல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காது இரண்டும் கொதித்தன. சொல்லி முடித்த பிறகும் நிமிர முடியவில்லை.

சீனியா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "நான் எங்கம்மாவைத் தனியா விட பயந்து கடையைப் பாதியில மூடிட்டு ஓடினேன். அப்பல்லாம் நீ இந்த வாசல் வழியாத்தானே போனே? ரெண்டு தடவை எங்கிட்டயே முட்டை வாங்கினே."

"ஆமா."

"எப்படி உன்னால முடிஞ்சுது?"

சீனியா பதிலுக்கு நிற்கவில்லை. அவள் உள்ளே போய் ரெகுலேட்டரை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினாள். நீட்டும்போது அவளாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மகளே" என்றாள் செனெய்தா. அதை மட்டும் சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல் வீட்டுக்கு நடந்தாள்.

சேதி கிரெத்தெலுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. தெயானிரா அடுப்பருகே நின்றிருந்தாள். மருமகள் வாயைத் திறக்குமுன், "தெரியும்" என்றாள். அவள் கத்துவாள் என்றுதான் கிரெத்தெல் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். "அது அவரோட கடைசிச் செபம். அன்னிக்கு அந்த வாசல்ல நின்னுட்டு நான்தான் முதல்ல அவளுக்கு மறதி வந்துட்டதா நெனச்சேன். அவளைப் போய் எப்படிப் பாப்பேன்?" என்றாள். வெங்காயத்தையும் பலகையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நகரத்துப் பொண்ணு, வெந்நீர் என்று எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகும் என்றும் சொன்னதில்லை. ஒல்மான் வயலிலிருந்து வந்து, கேட்டுவிட்டு, சாப்பிடாமல் வெளியே போய் நின்றான்.

மறுநாள் தெயானிரா போய் செனெய்தாவிடம் மன்னிப்புக் கேட்டாள். இருவரும் காபி குடித்தார்களாம். கிரெத்தெலும் தனியாகப் போனாள், ஒரு தடவைக்கு மேல். செனெய்தா கதவைத் திறந்தாள், நாற்காலியைக் காட்டினாள், வானிலையும் உருளை விலையும் பேசினாள். அன்றைய பேச்சை மட்டும் எடுக்க விடவில்லை.

திருநாளுக்குச் செனெய்தா வழக்கம்போல் பெரிய அடுப்பில் நின்று சமைத்தாள். கிரெத்தெலைக் கோயில் பின்முற்றத்தில் பாத்திரம் கழுவ விட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. ஒவிதியோவின் தம்பி தட்டை நீட்டி, "நல்லாக் கழுவினியா? இல்ல, கழுவிட்டேன்னு சொல்லுவியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிரெத்தெல் தட்டை வாங்கிக்கொண்டாள். கூட்டம் உணவருந்தி முடியும்வரை அவள் தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.