மூன்றாவது கேபிள்

ஹோம் தியேட்டர் பொருத்தும் மெக்கானிக்குக் காலையிலிருந்து அது நான்காவது வீடு. டிவிக்குப் பின்னால் முட்டி போட்டபோது இடுப்பு விட்டுப்போனது.

“ஆப்டிகல் கேபிளே வேஸ்ட்டுங்க,” என்றார் சோபாவில் இருந்த வீட்டுக்காரர். “ஒண்ணவிட ஒண்ணு விலை கூடவா மூணு வாங்கியாச்சு, ஒண்ணுலயும் சத்தம் வரல. செம்புக் கம்பி வச்ச கோஆக்சியலே போட்டுடுங்க.”

“நுனியில இருக்கற பிளாஸ்டிக் மூடிய எடுத்தீங்களான்னு போன்லயே கேட்டேனே சார்.”

“நான் இன்ஜினியருங்க.”

மெக்கானிக் கேபிளை உருவினார். நுனியில் நகத்தளவு மூடி அப்படியே இருந்தது. சத்தத்தை வெளிச்சமாகக் கடத்தும் கேபிள் அது; வெளிச்சம் போக வழியில்லாத இடத்தில் விலை என்ன செய்யும்? வாதாட அவருக்குத் தெம்பில்லை. மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே கேபிளைச் செருகினார். வீடு அதிர்ந்தது.

“பார்த்தீங்களா, இப்பதான் விலைக்கேத்த சத்தம்,” என்றார் வீட்டுக்காரர்.

வாசலில் அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். “மூடியத்தானே எடுத்தீங்க?”

மெக்கானிக் தலையாட்டினார்.

“முதல் கேபிளுக்கே சொன்னேன்,” என்றவர், உள்ளே திரும்பிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

அதுவும் வீட்டுக்காரர் காதில் விழவில்லை.